இரண்டு வாளி சாம்பல்

இரவு ஒன்றரைக்குப் போறணை வாயில்
முதல் கட்டையை வைப்பேன்.
மாங்குளம் சந்தியில் அந்த நேரம்
நாய்களும் கொழும்பு பஸ்சும் நானும்தான்.
உள்ளே மா குழைக்கிற திலக்சன்
போனில் பாட்டுக் கேட்பான்.
நான் நெருப்பைக் கேட்பேன்.
பாலை முனகும். வீரை சடசடக்கும்.
முதிரையை எரிக்கக் கூடாது, சட்டம்.
எரிந்தால் எப்படிக் கத்தும் என்று
எனக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கிழமைக்கு ஒரு லோட்,
ஒட்டுசுட்டானிலிருந்து குணநாயகத்தின் ட்ரக்டரில்.
நிறுத்துத்தான் இறக்குவேன்:
ஆயிரத்து இருநூறு கிலோ.
கிழமை முடிவில் கூட்டி அள்ளினால்
இரண்டு வாளி சாம்பல்.

மிச்சம் எங்கே?
முதல் வருசம் குணநாயகத்தைச் சந்தேகப்பட்டேன்.
பிறகு தராசை.
பிறகுதான் ஞாபகம் வந்தது,
சாதாரணதரத்துக்குப் பாடமாக்கி
எழுத முடியாமற்போன ஒற்றை வரி.
தறப்பாளுக்குள் விளக்கில்லாமல்
வாயால் சொல்லிச் சொல்லி:
ஆறு காபனீரொட்சைட்டு, ஆறு நீர்,
அம்புக்கு மேலே சூரிய ஒளி, கீழே பச்சையம்,
அந்தப் பக்கம் ஒரு குளுக்கோசு, ஆறு ஒட்சிசன்.
அம்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதற்கு
இரண்டு புள்ளி.

என் போறணை
அதே வரியைப் பின்னாலிருந்து படிக்கிறது.

மரம் மண்ணைத் தின்று வளர்வதில்லை.
தின்றிருந்தால்
ஒவ்வொரு பாலைக்கடியிலும்
ஆள் இறங்கும் கிடங்கு இருந்திருக்கும்.
அதன் வாய்கள் மேலே,
இலையின் அடிப்பக்கத்தில்,
கண்ணுக்குத் தெரியாமல் ஆயிரமாயிரம்.
சோளகம் வீசுகிற ஆடியில்
திறந்தால் தண்ணீர் போய்விடும்,
மூடினால் பட்டினி.
பகல் பன்னிரண்டுக்கு இலை படும் பாடு
மாக்காரனுக்குக் காசு கொடுக்க வேண்டிய நாளில்
நான் படும் பாடு.

திறந்த அந்தக் கொஞ்ச நேரத்தில்
காற்றிலிருந்து கரியைப் பிடிக்கிறது.
வேர் அனுப்பிய நீரை வெளிச்சத்தால் உடைக்கிறது.
வேண்டாததைத் துப்புகிறது.
(அந்தத் துப்பலில்தான் ஊரே உயிரோடிருக்கிறது.)
மிஞ்சியதைச் சீனியாக்கி,
சீனியைக் கோத்து நாராக்கி,
நாரை மரமாக்கி நிற்கிறது,
ஒரு சத்தமில்லாமல்.

ஆக, நான் எரிப்பது
முப்பது வருசத்து மத்தியானங்கள்.
விடிய முன்னம் மூன்று மணிக்கு
இருநூறு பாணின் மேல்தோலைச் சிவக்கவைப்பது
பழைய வெயில்.
கோதுமையும் பெயர் தெரியாத ஊரொன்றின் வெயில்.
வெயிலை வெயிலால் சுடுகிறேன்,
திலக்சனுக்குச் சொன்னேன்.
"அண்ணை, உப்புப் போட்டாச்சோ?" என்றான்.

போன கிழமை சாம்பல் அள்ளுகையில்
சவளில் ஏதோ தட்டியது.
பெருவிரல் அளவு இரும்பு,
ஒரு விளிம்பு பல்லுப்போல.
வாள் உடைந்த லோட் இது என்று
குணநாயகம் முன்னமே புறுபுறுத்திருந்தான்.

மரம் அதைத் தின்னவில்லை.
துப்பவும் அதற்கு வழியில்லை.
சுற்றிச் சுற்றி, வளையம் வளையமாக
வெயிலைக் கட்டி மூடியிருக்கிறது.

மண் தந்தது வாளியில் கிடக்கிறது.
காற்று தந்தது காற்றுக்குப் போயிற்று.
இது வந்த பாதைக்கு
அந்த வரியில் அம்புக்குறி இல்லை.

அந்த வருசம் இந்தக் காட்டுக்குள்ளால்தான் ஓடினோம்.
எனக்குப் பின்னால் ஜெயமதி,
பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு,
இளைக்க இளைக்க.
பகல் நேரம். இலைகள் திறந்திருந்திருக்கும்.
அவள் விட்ட மூச்சில் ஒரு பிடி
எந்தக் கட்டையில் நாராகியிருக்கும் என்று
நான் கணக்குப் பார்ப்பதில்லை.
விறகை மட்டும்
இப்போது எறிவதில்லை, வைக்கிறேன்.

ஆறு மணிக்கு
கத்தரிக்குப் போடச் சாம்பல் கேட்டு
சறோசினி வந்தாள்.
"அரிச்சுத்தானே வைச்சிருக்கிறியள்?"
ஓம் என்றேன்.
புகை இன்னும் சந்தியைத் தாண்டவில்லை.
ரோட்டுக்கு அந்தப் பக்கத்து வேம்பில்
வெயில் அப்போதுதான்
ஏறிக்கொண்டிருந்தது.